95 லட்சம் சொன்ன வீட்டை ஏன் யாரும் கேட்கவில்லை?

திருச்சி புறநகரிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 62. பெயரும் தெருவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டேன். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்:

"என் கணவர் 1993-ல் 1,800 சதுர அடி மனை வாங்கினார். 1995-ல் அதில் 1,050 சதுர அடிக்கு வீடு கட்டினோம். 2009-ல் மாடியில் 500 சதுர அடி எடுத்தோம். 2022-ல் அவர் காலமானார், உயில் எதுவும் எழுதவில்லை. மாமியார் கடைசிவரை என்னோடுதான் இருந்தார். 2024-ல் அவரும் போய்விட்டார். மகன் பெங்களூரில், மகள் கோவையில். இவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஃபிளாட் வாங்கிக்கொள்ள நினைக்கிறேன். எட்டு மாதமாக மூன்று புரோக்கர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். விலை 95 லட்சம். அடுத்த தெருவில் ஒரு வீடு 1 கோடியே 5 லட்சத்துக்குப் போனது. எங்கள் தெருவில் காலி மனைகள் இந்த வருடம் சதுர அடி 3,100-க்கும் 3,300-க்கும் பதிவாயின. எப்படியும் பேரம் பேசுவார்கள், கூட்டித்தான் சொல்ல வேண்டும் என்கிறார் புரோக்கர். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போய்விடுகிறார்கள். இரண்டு பேர் மட்டும் 72 லட்சத்துக்குக் கேட்டார்கள். எனக்கு மனசே விட்டுப்போயிற்று. 8 லட்சம் செலவழித்து மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், புது டைல்ஸ் போட்டால் நல்ல விலை வரும் என்கிறார் மகனின் நண்பர். பாதியை ரொக்கமாக வாங்கிக்கொண்டு பத்திரத்தில் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டலாம் என்கிறார் புரோக்கர். மகளுக்கு 2011-லேயே 60 பவுன் போட்டுக் கல்யாணம் செய்தாயிற்று, அவள் கையெழுத்து தேவையில்லை என்கிறார்கள் சொந்தக்காரர்கள். மழைக்காலத்தில் ஹாலின் மேற்குச் சுவரில் ஓதம் வரும். அதற்கு இப்போதுதான் பெயின்ட் அடித்திருக்கிறேன். என்ன விலை சொல்லட்டும்? எவ்வளவு செலவு செய்யட்டும்?"

அம்மா, வணக்கம். நான் கட்டடப் பொறியாளர். வங்கிகளுக்காக வீடுகளை மதிப்பிடுவது என் தொழில். நீங்கள் கேட்டது விலையையும் செலவையும் பற்றி. இரண்டுக்கும் வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் மாமியாரைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கையெழுத்து போட வேண்டியவர்கள்

கணவர் இறந்த பிறகு எடுத்த வாரிசுச் சான்றிதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீங்கள், மகன், மகள் என்று மூன்று பெயர் இருக்கும். நான்காவதாக உங்கள் மாமியார் பெயரும் இருக்கும். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் மனைவி, மகன், மகள் போலவே அவருடைய தாய்க்கும் சம பங்கு உண்டு. அதாவது 2022-லேயே இந்த வீடு நான்கு பேருக்கும் தலா கால் பங்காக வந்துவிட்டது. மாமியார் 2024-ல் இறந்தார். அவரும் உயில் எழுதவில்லை என்றால், மாமனாரும் முன்பே காலமாகியிருந்தால், அவருடைய கால் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். உங்கள் கணவருக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை யார் இருந்தாலும் அவர்களுக்கும் இந்த வீட்டில் ஒரு சிறு பங்கு உண்டு. உங்கள் கணவருக்குச் சேர வேண்டிய பாகம் உங்கள் மகனுக்கும் மகளுக்கும் வரும்.

கணவர் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில் நாத்தனாருக்கு என்ன பங்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றுவது நியாயம்தான். ஆனால் வாங்குகிறவர் வங்கிக்குப் போனால், வங்கியின் வக்கீல் இந்தச் சான்றிதழைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். எட்டு மாதத்தில் பேசாமல் போனவர்களில் யாராவது ஒருவர் உங்கள் காகிதங்களின் நகலை வக்கீலிடம் காட்டியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

மகள் விஷயமும் அப்படித்தான். கல்யாணத்துக்குப் போட்ட நகை சொத்துப் பங்கைத் தீர்த்துவிடாது. 60 பவுன் போட்டாலும் 600 பவுன் போட்டாலும் அவருடைய கால் பங்கு அப்படியே இருக்கிறது. அவர் கையெழுத்து இல்லாமல் நடக்கிற கிரயம் அவருடைய பங்கைக் கட்டுப்படுத்தாது. அப்படியொரு வீட்டைக் கடனில் வாங்க யாரும் முன்வர மாட்டார்கள்.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. பங்குள்ள எல்லோரும் விற்பவர்களாகச் சேர்ந்து கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். அல்லது பிள்ளைகள் தங்கள் பங்கை முன்கூட்டியே உங்களுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம். பெற்றோர், பிள்ளைகளுக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு 2023 ஜூலையில் மாற்றியமைத்த கட்டணப்படி முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். கணவரின் உடன்பிறந்தவர்களுக்கு முதல் வழிதான் எளிது. மாமியாருக்குத் தனியாக வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். அதற்கு நாளாகும் என்பதால் விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

நாத்தனார் இருந்தால், அவரிடம் எப்படிப் பேசுவது என்று தயங்குவீர்கள். நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். வாங்குகிறவரின் வக்கீல் சொல்லி, புரோக்கர் மூலமாக அவர் காதுக்கு இது போனால் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும்.

வாங்குகிறவர் போடும் கணக்கு

சரி, இப்போது விலை. உங்கள் வீட்டை வாங்கப் போகிறவர் யார்? சம்பளத்தில் வாழ்கிற, 35 முதல் 45 வயதுக்குள் இருக்கிற ஒரு குடும்பஸ்தர். கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்களாக இருக்கலாம். பத்து வருடம் சேர்த்த பணம் கொஞ்சம், நகை கொஞ்சம், மீதி முழுக்க வங்கிக் கடன். இப்படிப்பட்டவர் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணித்தான் வருவார். "வீடு 95 லட்சம் பெறுமா" என்று அவர் யோசிப்பதற்கு முன்னால், "நான் கையிலிருந்து எவ்வளவு போட வேண்டும்" என்று கணக்குப் போடுவார். விற்கிற நாமும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு விலை சொல்வதுதான் சரி.

வங்கி என்னைப் போன்ற ஒருவரை அனுப்பும். நாங்கள் மனையைத் தனியாக, கட்டடத்தைத் தனியாகக் கணக்கிடுவோம். உங்கள் தெருவில் பதிவான விலையை வைத்து மனைக்குச் சதுர அடி 3,200 என்று கொண்டால் 57 லட்சத்து 60 ஆயிரம். கீழ்த்தளத்தை இன்று புதிதாகக் கட்ட, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 21 லட்சம் ஆகும். ஆனால் வீட்டுக்கு வயது 30. கட்டடத்தின் ஆயுள் 60 வருடம், கடைசியில் மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம் என்பது நாங்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. அதன்படி 45 சதவீதம் தேய்மானம் போக 11 லட்சத்து 55 ஆயிரம் நிற்கும். போர், சம்ப், காம்பவுண்டு சுவர், கேட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றரை லட்சம். ஆக 70 லட்சத்து 65 ஆயிரம். மாடியை 16 வருடத் தேய்மானம் கழித்துச் சேர்த்தால் இன்னும் 7 லட்சத்து 60 ஆயிரம் வரும். மொத்தம் 78 லட்சத்து 25 ஆயிரம்.

மாடியை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், கடிதத்தில் நீங்கள் 1995-ல் அனுமதி பெற்ற பிளான் ஒன்றைத்தான் கையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 2009-ல் எடுத்த மாடிக்கு அனுமதி வாங்கியது மேஸ்திரிதான், காகிதம் எங்கே என்று தெரியவில்லை, ஆனால் மாடிக்கும் சேர்த்துத்தான் வரி கட்டுகிறோம் என்கிறீர்கள். வரி கட்டுவது வேறு, கட்டட அனுமதி வேறு. அனுமதி இல்லாத கட்டடத்துக்கும் உள்ளாட்சி அமைப்பு வரி போடும். பிளான் இல்லாவிட்டால் பெரும்பாலான வங்கிகள் மாடியின் மதிப்பை எண்ணாமல் விட்டுவிடும்.

இனி அந்தக் குடும்பஸ்தரின் கணக்குக்கு வருவோம். ரிசர்வ் வங்கி வரம்புப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனில் மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தர முடியும். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் அந்த மதிப்பில் சேராது. அது முழுக்க அவர் கைப்பணம். மாடியை எண்ணாமல் வங்கி 70 லட்சத்து 65 ஆயிரம் என்று எடுத்தால் கடன் 56½ லட்சம். நீங்கள் சொல்லும் 95 லட்சத்துக்கு அவர் கையிலிருந்து 38½ லட்சம், பதிவுச் செலவு 8½ லட்சம், ஆக 47 லட்சம் புரட்ட வேண்டும். அவ்வளவு பணம் கையில் வைத்திருப்பவர் 30 வருட வீட்டைத் தேடி வர மாட்டார். மனை வாங்கித் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்வார்.

இதே வீட்டை 77 லட்சத்துக்குப் பேசி முடித்தால் அவர் புரட்ட வேண்டியது ஏறத்தாழ 27½ லட்சம். மாடியின் பிளான் கிடைத்து, வங்கி அதையும் எண்ணினால் 22 லட்சம் சொச்சம். ஒரே விலைதான், மேஸ்திரியிடம் மாட்டிக்கொண்ட ஒரு காகிதம் கிடைத்தால் வாங்குகிறவருக்கு 5 லட்சம் பாரம் இறங்குகிறது. அதனால்தான் சொல்கிறேன், கிச்சனுக்கு ஆள் தேடும் முன் அந்த மேஸ்திரியைத் தேடுங்கள். அவர் இல்லாவிட்டால், 2009-ல் யார் பெயரில், எந்த மாதம் விண்ணப்பம் போயிருக்கும் என்று குறித்துக்கொண்டு, அனுமதி கொடுத்திருக்க வேண்டிய அலுவலகத்தில் நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள். தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

அனுமதியே வாங்கவில்லை என்று தெரிந்தால் அதை மறைக்காதீர்கள். சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளை வாங்குகிறவருக்குச் சொல்லும் கடமை விற்பவருக்கு உண்டு என்று 1882-ம் வருட சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறது. "கீழ்த்தளத்துக்கு பிளான் இருக்கிறது, மாடிக்கு இல்லை, அதை மனதில் வைத்துத்தான் விலை சொல்கிறேன்" என்று நேராகச் சொல்லுங்கள். எண்ணிச் செலவு செய்கிறவருக்கு இப்படிப் பேசுகிற விற்பனையாளரைப் பிடிக்கும்.

அடுத்த தெரு வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கார்னர் மனை, ஒரு கிரவுண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2,400 சதுர அடி. உங்களுடையதைவிட 600 சதுர அடி கூடுதல். அதே 3,200 ரூபாய்க் கணக்கில் அந்த 600 அடி மட்டுமே 19 லட்சத்துக்கு மேல். கார்னர் என்பதற்குத் தனி விலையும் உண்டு. அவர்களுக்கு நல்ல விலை கிடைத்து உங்களுக்கு மட்டும் கிடைக்கவில்லை என்று வருந்த வேண்டியதில்லை. கூடுதல் இடத்தையும் கார்னரையும் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைதான்.

ஆக, என் யோசனை இது. 79 லட்சம் சொல்லுங்கள். 76, 77-க்கு முடியும். பிளான் கிடைக்கவில்லை என்றால் 73, 74 வரை இறங்கலாம். 72 லட்சம் கேட்ட இரண்டு பேரும் உங்களை அவமதிக்கவில்லை, அம்மா. கணக்குப் போட்டுவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் நம்பர் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கூட்டிச் சொல்லிக் குறைக்கலாம் என்பது முன்பு ஓடியது. இன்றைக்கு 80 லட்சம் பட்ஜெட் வைத்திருப்பவர் போனில் 80-க்குள் என்று போட்டுத்தான் தேடுகிறார். 95 சொல்லும் வீடு அவர் கண்ணிலேயே படாது. போதாக்குறைக்கு மூன்று புரோக்கர்களும் ஒரே வீட்டை மூன்று விலைக்குப் போட்டு வைத்திருப்பார்கள். எட்டு மாதம் அப்படியே கிடந்தால், "ஏதோ வில்லங்கம் போலிருக்கிறது" என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். மூன்று பேரிடமும் சொல்லி விளம்பரங்களை எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு மாதம் சும்மா இருங்கள். அப்புறம் ஒரே ஆளிடம், ஒரே விலையில் கொடுங்கள். கமிஷன் எத்தனை சதவீதம் என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். உங்களுக்குப் பதிலாக வீட்டை விற்க அதிகாரம் தருகிற பொது அதிகாரப் பத்திரம் மட்டும் எந்தப் புரோக்கருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

எட்டு லட்சம் வேண்டாம்

மாடுலர் கிச்சனும் ஃபால்ஸ் சீலிங்கும் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மதிப்பீட்டு அறிக்கையில் நான் அதற்காகக் கூட்டிப் போடும் தொகை மிகச் சொற்பம். வாங்குகிறவரும் உங்கள் கிச்சன் நிறத்துக்காக 4 லட்சம் கூடக் கொடுக்க மாட்டார். பணம் எண்ணுகிற குடும்பம் "இப்போதைக்கு இந்தக் கிச்சன் போதும், இரண்டு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்று திட்டம் போட்டுத்தான் பழைய வீட்டுக்கு வருகிறது. அந்தச் செலவை நீங்கள் முன்கூட்டியே செய்து அவர்கள் தலையில் ஏற்றினால் ஓடிவிடுவார்கள். பழைய மொசைக் தரை உடையாமல் இருந்தால் அதன் மேல் டைல்ஸ் ஒட்ட வேண்டாம். பாலிஷ் போடுங்கள், போதும்.

அவர்கள் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. சில வருடங்களுக்கு முன் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீட்டை மதிப்பிடப் போயிருந்தேன். வாங்குகிறவரின் அம்மாவும் வந்திருந்தார். மற்றவர்கள் கிச்சனையும் கார் நிறுத்தும் இடத்தையும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த அம்மா ஹாலில் மாட்டியிருந்த மாதக் காலண்டரை மெல்லத் தூக்கிவிட்டு, உள்ளங்கையைச் சுவரில் வைத்து அழுத்தினார். புதுப் பெயின்ட்தான். கையை எடுத்தபோது ரேகையெல்லாம் வெள்ளைப் பொடி. பெயின்டைத் துளைத்துக்கொண்டு உவர் பூத்திருந்தது. அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார். அந்த வியாபாரம் அன்றே முடிந்துபோனது.

உங்கள் மேற்குச் சுவரும் அதே கதையைத்தான் சொல்லும். நான்கு சுவரில் ஒரு சுவர் மட்டும் புதுசாக இருந்தால் வருகிறவர் கண் நேராக அங்கேதான் போகும். ஓதத்தின் மேல் பெயின்ட் அடிப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சுவரின் மேல்பாதியில் ஓதம் என்றால் மொட்டைமாடித் தளத்தில், கைப்பிடிச் சுவர் சேரும் மூலையில், அல்லது மழைநீர்க் குழாய் வாயில் கோளாறு. அடியிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை ஏறுகிறது என்றால் தரையிலிருந்து வருகிறது. வெளியே மண் மேடாகி அஸ்திவார மட்டத்துக்கு மேல் ஏறியிருக்கலாம். நடுவில் திட்டாக வருகிறது என்றால் குளியலறைக் குழாயைச் சந்தேகப்படுங்கள். காரணம் தெரிந்த பிறகு, பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தியெடுத்து, நன்றாகக் காயவிட்டு மறுபடி பூச வேண்டும்.

மொட்டைமாடித் தட்டோடுகளில் தட்டிப் பார்த்தால் சில இடங்களில் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்கும். அங்கெல்லாம் ஓடு பிடிப்பு விட்டுவிட்டது. அவற்றை எடுத்துவிட்டு நீர்க்காப்பு செய்து மறுபடி பதியுங்கள். வேலை முடிந்ததும் தளத்தில் பாத்தி கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தி, கீழே சீலிங்கில் ஈரம் வருகிறதா என்று பார்ப்பார்கள். அதை போனில் படம் பிடித்து வையுங்கள். வாங்க வருகிறவரிடம் மேஸ்திரியின் பில்லோடு அந்தப் படத்தையும் காட்டுங்கள்.

மற்றவை சின்ன வேலைகள். ஒழுகும் குழாய், பாதி மூடுகிற கதவு, தேள் கொடுக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒயர், கரையான் அரித்த நிலைக்கால். மின்சார போர்டில் ஷாக் அடிப்பதைத் தடுக்கும் ஆர்சிசிபி இல்லை என்றால் பொருத்துங்கள். செப்டிக் டேங்கையும் சம்பையும் சுத்தம் செய்யுங்கள். போர் எத்தனை அடி, எந்த வருடம் போட்டது, கோடையில் தண்ணீர் நின்றதா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைசியாக வீடு முழுக்க ஒரே வெளிர் நிறத்தில் வெள்ளையடியுங்கள். எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குள் முடிக்கப் பாருங்கள். அதைத் தாண்டினால் திரும்ப வராது.

மாடி அறையில் கணவரின் புத்தகங்களும் மேசையும் அப்படியே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வீடு பார்க்க வருகிறவர்கள் அந்த அறை வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். யாருக்கும் அதற்குள் கால் வைக்க மனம் வராது. கோவைக்கு எடுத்துப்போக வேண்டியதை மட்டும் பிள்ளைகள் வரும்போது சேர்ந்து உட்கார்ந்து பிரித்துவிடுங்கள். விற்பனைக்காக அவசரப்பட்டுத் தனியாகச் செய்ய வேண்டாம்.

ரொக்கம் வேண்டவே வேண்டாம்

அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. அபராதம் பணம் வாங்கிய உங்களுக்குத்தான், கொடுத்தவருக்கு இல்லை. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டினால் வங்கிக் கடனும் குறையும். அதாவது கடனை நம்பி வருகிற நல்ல ஆள் கிடைக்க மாட்டார். அப்புறம் 30, 35 லட்சம் நோட்டுக்கட்டை வைத்துக்கொண்டு கோவையில் ஃபிளாட் வாங்க எங்கே போவீர்கள்? புரோக்கர் சொல்லும் லாபம் உங்களுக்கு வருகிற லாபம் இல்லை.

வரிக்குப் பயந்துதான் பலரும் இதற்குச் சம்மதிக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் அந்தப் பயம் தேவையில்லை. 2001-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பையே அசலாகக் காட்டலாம். அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். லாபத்துக்கு 12.5 சதவீத வரி, அல்லது பணவீக்கத்தைக் கழித்துவிட்டு 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். விற்ற இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினால், அதில் போட்ட அளவுக்கு லாபத்துக்கு வரிவிலக்கும் உண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: எல்லோரும் சேர்ந்து விற்றால் லாபமும் பங்கு பங்காகப் பிரியும், கோவை ஃபிளாட் உங்கள் பங்குக்கு மட்டும்தான் விலக்கு வாங்கித் தரும். பிள்ளைகள் முன்பே விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தால் அவர்கள் பங்கின் லாபமும் உங்கள் கணக்கில் வந்துவிடும். எது நல்லது என்பதை, பத்திரம் எழுதும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டுப் பயனில்லை. விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் வாங்குகிறவர் 1 சதவீதம் பிடித்து வருமான வரித் துறையில் கட்டுவார். அது உங்கள் கணக்கில் வரவாகும். குறைத்துக் கொடுக்கிறார் என்று எண்ண வேண்டாம்.

அட்வான்ஸ் வாங்கும்போது விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012-ல் வந்த திருத்தத்தின்படி அது கட்டாயம். மூன்று மாதம் கெடு, காசோலையிலோ வங்கி மூலமாகவோ பணம், கெடு தாண்டினால் என்ன என்பது தெளிவாக எழுதப்பட வேண்டும்.

ஒரு ஃபைல், ஒரு காலக்கெடு

வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போனவர் அடுத்த நிமிடம் கேட்பது பேப்பர்தான். அப்போது பீரோவைத் திறந்து தேடக் கூடாது. நகல்கள் ஒரு ஃபைலில் தயாராக இருக்கட்டும்: 1993 கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரங்கள், பட்டா, இன்றைய தேதிவரை வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி, வீட்டு வரி, தண்ணீர் வரி, மின் கட்டண ரசீதுகள், இரண்டு இறப்புச் சான்றிதழ், இரண்டு வாரிசுச் சான்றிதழ். 1995-ல் வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் கடன் தீர்ந்த ரசீது பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்றில் பாருங்கள். கடனைக் கட்டி முடித்துவிட்டு ரசீதைப் பதியாமல் விட்ட வீடுகள் ஏராளம். அசல் பத்திரங்களை மட்டும் யாரிடமும், ஒரு நாளைக்குக்கூட, கொடுத்தனுப்பாதீர்கள்.

இப்போது ஐப்பசி. மார்கழியில் யாரும் வீடு பேச மாட்டார்கள். தை பிறந்தால் வருவார்கள். அதற்குள் வாரிசுச் சான்றிதழும் மேஸ்திரி வேலையும் நடக்கட்டும். இந்த மழை வீணாகப் போக வேண்டாம். ஒவ்வொரு முறை நன்றாகப் பெய்து ஓய்ந்ததும் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சுவரிலோ சீலிங்கிலோ ஈரம் தெரிகிற இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். கார்த்திகை கடைசியில் மேஸ்திரி வரும்போது அந்த வட்டங்களைக் காட்டுங்கள். அவர் வேலையை முடித்து, தண்ணீர் நிறுத்திப் பார்த்து, நீங்களும் கை வைத்துப் பார்க்கும்வரை ஒரு வட்டத்தையும் அழிக்காதீர்கள்.